பால்மா டின்னுக்குள் எங்கள் வாசல்

பூட்டிக் கிடந்த எங்கள் வீட்டு வாசலில், அந்த மழைக்காலத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்தது யார், அல்லது எது? இந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. ஒரு நாள் ஒரு பதில் சரியென்று படுகிறது. அடுத்த நாள் காலையில் மகளுக்குத் தலை வாரிவிடும்போதே அது தப்பென்று தோன்றிவிடுகிறது.

நான் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடம் ஒன்றில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். கணவர் பண்டாரவளையில் மரக்கறி லொறி ஓட்டுகிறார். நாங்கள் அங்கேதான் வாடகைக்கு இருக்கிறோம். அம்மாவும் அப்பாவும் கொஸ்லந்தப் பக்கத்தில், நான் பிறந்த லயத்திலேயே, தோட்டத்து வரிசை வீடுகளில் ஒன்றில், இருந்தார்கள். பள்ளிக்கூடமும் அதே தோட்டத்தில்தான் என்பதால், தினமும் விடிந்ததும் மகளைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி, அம்மாவிடம் விட்டுவிட்டு வேலைக்குப் போவேன். அவளுக்கு இப்போது நான்கு வயது.

ஒளி நேர்கோட்டில் செல்லும் என்று காட்டுவதற்காக வகுப்பில் வருடா வருடம் ஊசித்துளைக் கமரா செய்வோம். ஒரு சவர்க்காரப் பெட்டி, எண்ணெய் தடவிய கடதாசி, ஒரு மெழுகுவர்த்தி. பிள்ளைகள் தலைகீழாக எரியும் சுடரைப் பார்த்துச் சிரிப்பார்கள். பாடம் முடிந்துவிடும். போன வருடம் எனக்கு அதோடு நிறுத்த மனம் வரவில்லை. போட்டோ கடதாசியை ஒரு டின்னுக்குள் வைத்து, சின்னத் துளை ஒன்று போட்டு, மாதக்கணக்கில் வெளியே கட்டிவிட்டால் சூரியன் போகும் பாதையெல்லாம் கோடு கோடாக விழும் என்று இணையத்தில் பார்த்திருந்தேன். கழுவுவதற்கு மருந்து வேண்டாம். வெளிச்சமே மெல்ல மெல்ல கடதாசியைக் கறுப்பாக்கிப் படத்தை வரைந்துவிடும்.

கடதாசிதான் கிடைக்கவில்லை. பதுளை பஸாரில் பழைய ஸ்டூடியோ ஒன்றில் விசாரித்தேன். கடைக்காரர், எல்லோரும் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் பெரியவர், மேலே ஏறி, அட்டைப்பெட்டிகளுக்குள் தேடி, தூசி தட்டிக்கொண்டே இறங்கி வந்தார்.

"எங்கட கிட்ட ஒரு பெட்டி ஈக்கு டீச்சர். நாள் போனது. வீசவும் மனசில்ல, விக்கவும் ஏலாது."

"நாள் போனா வேலை செய்யுமா நானா?"

"மனுசனே நாள் போயும் வேலை செய்றான். கொண்டு போங்க."

பிள்ளைகள் சின்ன டின்களில் செய்தார்கள். நான் பெரிய பால்மா டின் ஒன்றை எடுத்துக்கொண்டேன். உள்பக்கம் முழுக்கக் கரும்பலகைக்குப் பூசும் கறுப்புப் பெயிண்ட். பக்கவாட்டில் ஆணியால் ஓர் ஓட்டை. அந்த ஓட்டையின்மேல், குளிர்பான டின்னிலிருந்து வெட்டிய மெல்லிய தகட்டுத் துண்டு. ஊசித்துளை அந்தத் தகட்டில்தான் விழ வேண்டும். ஊசியை முழுக்க இறக்கக் கூடாது. முனை மட்டும் மறுபக்கம் எட்டிப் பார்க்க வேண்டும். பிறகு அந்தப் பக்கத்துப் பிசிரை நைசான மண்கடதாசியால் தேய்த்து, முனையை மறுபடி விட்டுச் சுழற்ற வேண்டும். துளை வட்டமாக இல்லாவிட்டால் படம் சேறாகிவிடும். நான் ஐந்தாறு தகட்டை வீணாக்கினேன். எதைச் செய்தாலும் இன்னொரு தடவை செய்திருக்கலாமோ என்று நினைப்பது என் சுபாவம்.

அம்மா வீட்டில் சாமான் அடுக்கும் மூலையில் கம்பளியைத் தொங்கவிட்டு, கடதாசியைக் கறுக்க வைக்காத சிவப்பு வெளிச்சத்துக்காகச் சைக்கிளின் பின்பக்க லைட்டை எரியவைத்து, அதை டின்னுக்குள் வைத்தேன். எந்தப் பக்கம் மருந்து பூசியது என்று அந்த வெளிச்சத்தில் தெரியாது. மூலையை ஈர உதட்டில் வைத்தால் மருந்துப் பக்கம் லேசாக ஒட்டும். அந்தப் பக்கம் துளையைப் பார்க்க வேண்டும். மூடியைச் சுற்றிக் கறுப்பு டேப். துளைக்கு மேலும் ஒரு துண்டு டேப். கட்டிய பிறகுதான் அதை உரிக்க வேண்டும்.

லயத்துக்கு எதிரே தண்ணீர்க் குழாய் போகும் இரும்புத் தூணில் கட்டுக்கம்பியால் இறுக்கிக் கட்டினேன். காற்றில் ஒரு நூல் ஆடினாலும் எல்லாம் போச்சு. டின்னுக்கு நேரே எங்கள் வாசல். காலை வெயில் வாசலில் விழும், பின்னேர வெயில் கூரைக்குப் பின்னால் இறங்கும். கோடுகள் கூரைக்கு மேலே விழுமென்று கணக்குப் போட்டிருந்தேன்.

பக்கத்துக் காம்பரா வீட்டு அக்கா இடுப்பில் குடத்தோடு நின்று பார்த்தார்.

"என்னா டீச்சர், நம்மள வேவு பாக்கத் தோட்டத்துத் தொரை வைக்கச் சொன்னாரா?"

"இல்லக்கா. பாடத்துக்கு."

"அப்புடித்தான் சொல்லுவாங்க. இனிமே வாசல்ல நின்னு மாமியாள ஏசக்கூட முடியாது."

"நீ ஏசு," என்று உள்ளேயிருந்து அம்மா சொன்னார். "அதுக்குக் கண்ணு மட்டும்தான். காது இல்ல."

அப்பா வேலையை விட்டு நின்று இரண்டு மூன்று வருடமாகியிருந்தது. காலையில் கதவுக்கு வலதுபக்கம், ஜன்னலுக்குக் கீழே முக்காலியைப் போட்டு, சுவரில் சாய்ந்து, வெயில் சுடும்வரை தேத்தண்ணிக் கோப்பையோடு உட்கார்ந்திருப்பார். சிமெந்துச் சுவரில் அவர் முதுகு பட்ட இடம் எண்ணெய் பிடித்திருக்கும். அம்மா வருடா வருடம் பொங்கலுக்கு வெள்ளை அடித்து மறைப்பார்.

"இதுல நாங்கள்லாம் விழுவோமா?" என்று அப்பா கேட்டார். ஆசிரியை என்ற மிதப்பில் நான் விளக்கினேன். நடப்பது, ஆடுவது எதுவும் பதியாது. லயத்துச் சனமெல்லாம் அந்த வாசலைக் கடந்து போனாலும் படத்தில் ஒருத்தரும் இருக்க மாட்டார்கள். ஒரே இடத்தில் கிடப்பது மட்டும்தான் விழும்.

"அப்ப நம்ம கணக்கப்புள்ள நல்லா விழுவான்," என்றார் அப்பா. "வேல நேரத்துல ஒரே எடத்துல நிக்கிறவன் அவன்தான்." பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, "நானும் ஆடாம ஒக்காந்துக்கிறேன். என்னைய விட்டுப்புட்டு உன் டப்பா எப்புடிப் படம் எடுக்குதுன்னு பாப்போம்," என்றார்.

அடுத்த நாளிலிருந்து தலைவாரிக்கொண்டு வந்து உட்கார ஆரம்பித்தார். "இந்த வயசுல உங்கள எவ பாக்கப் போறா?" என்று அம்மா கேட்டதற்கு, பதியும்போது பேசினால் வாய் கோணலாகிவிடும் என்பதுபோல் உதட்டை இறுக்கிக்கொண்டு கண்ணை மட்டும் உருட்டினார்.

அப்போது நல்ல வெயில் நாட்கள். இரண்டு வாரம் போல இருக்கும். அதற்குப் பிறகு மழை பிடித்தது.

எங்கள் பக்கத்தில் மழை பெய்வது புதினமில்லை. ஆனால் அந்தத் தடவை லயத்துக்கு மேலே தேயிலை வரிசைக்குள் நிலம் வாய் பிளந்திருந்தது. கை நுழையும் அளவு வெடிப்பு. நானும் கணவரும் மகளோடு அங்கே போயிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை கிராம சேவகர் வந்து, மண்சரிவு எச்சரிக்கை, உடனே இறங்குங்கள் என்றார். குழந்தையைத் தூக்குவதா, சாமி படத்தை எடுப்பதா, அடுப்பை அணைத்தோமா என்று ஒரே குழப்பம். அப்பா தன் முக்காலியைக்கூட விடவில்லை. அதையும் தூக்கிக்கொண்டுதான் பள்ளிக்கூடத்து முகாமுக்கு நடந்தார். துணிகளை ஓர் உரப் பையில் திணித்து வாசலில் கதவுக்கு இடதுபக்கம் வைத்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. முகாமில் பார்த்தபோது அந்தப் பை இல்லை. விட்டுவிட்டு வந்தோமா, வழியில் தவறியதா, தெரியாது. டின்னை நான் நினைக்கவே இல்லை.

முகாமின் சிமெந்துத் தரையில் இரண்டு இரவு படுத்ததும் அப்பாவுக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியது. பதுளை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அங்கே நன்றாகத்தான் பார்த்தார்கள். ஆனால் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒவ்வொரு தடவை போகும்போதும் ஒன்றைத்தான் கேட்டார்.

"வீட்டுக்குப் போவோமா?"

"பாதை தொறந்ததும் போவோம்ப்பா. இப்ப விட மாட்டாங்க."

"நா வாசல்லயே இருந்துக்கிறேன். உள்ளுக்குப் போகல்ல."

மழை விட்டதும் என்று சொன்னேன். மழை விடுவதற்கு முன் அவர் போய்விட்டார்.

எங்கள் ஆட்களில் யார் எங்கே இறந்தாலும் உடலை வீட்டு வாசலுக்குக் கொண்டு வருவோம். வாசலில் கிடத்தி, நீர் வார்த்து, தப்பு அடித்து, அந்த வாசலிலிருந்துதான் தூக்க வேண்டும். பிறகு கருமாதி முடியும்வரை அந்த இடத்தில் விளக்கு எரிய வேண்டும். உயிர் வந்து பார்க்கும். தன் வீட்டை அந்த விளக்கில்தான் அடையாளம் காணும். லயத்துப் பாதையில் கயிறு கட்டித் தடை போட்டிருந்தார்கள். ஆகவே ஆஸ்பத்திரியிலிருந்து கீழ்ப் பாதையாலேயே நேராகத் தோட்டத்து மயானத்துக்குக் கொண்டு போனோம். பாதை பிரியும் சந்தியில் அம்மா வேனை நிறுத்தச் சொன்னார். இறங்கி, மலைப்பக்கம் கையைக் காட்டி, உடலைப் பார்த்து, "அந்தா தெரியுது பாருங்க நம்ம வீடு. நல்லாப் பாத்துக்கிட்டுப் போங்க," என்றார்.

உண்மையில் மூடுபனியில் எதுவுமே தெரியவில்லை.

விளக்கைப் பண்டாரவளையில், எங்கள் வாடகை அறையின் வாசலில் ஏற்றினோம். அம்மா தினமும் அதில் எண்ணெய் ஊற்றினார். ஊற்றும்போதெல்லாம் ஒன்றையே சொன்னார். "வெளக்கு இங்க. வீடு அங்க. மனுசன் எங்க போவாரு?" கருமாதி முடிந்த பிறகும் சொன்னார். சோறு போட்டால் பாதியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்.

மழைக்காலம் கழிந்து, சாமான் எடுக்க ஒரு முற்பகல் மட்டும் லயத்துக்குப் போக விட்டார்கள். நானும் கணவரும் போனோம். வாசலில் புல் முளைத்திருந்தது. உரப் பை அங்கே இல்லை. யாராவது எடுத்திருக்கலாம். தூணில் டின் அப்படியே இருந்தது. கம்பி துருப்பிடித்து, டேப் சுருண்டு, மூடிக்குள் எறும்பு வீடு கட்டியிருந்தது. துளையில் டேப்பை ஒட்டி அவிழ்த்து, சேலைத் துணியில் சுற்றிக் கொண்டு வந்தேன்.

சிவப்பு வெளிச்சத்தில் கடதாசியை வெளியே எடுத்து விரித்தேன். கீழ் ஓரத்தில் தண்ணீர் இறங்கிக் கடதாசி உப்பியிருந்தது. மற்றபடி படம் விழுந்திருந்தது. கூரைக்கு மேலே சூரியன் சாய்ந்து இறங்கிய கோடுகள், நடுவில் மழை நாட்களின் வெறுமை. இந்தக் கடதாசியில் எல்லாம் எதிர்மாறாக விழும். வெளிச்சம் பட்டது கறுக்கும், நிழலாக இருந்தது வெளுக்கும். வெள்ளைச் சுவர் கருஞ்சிவப்பாகியிருந்தது. கதவு வெளிறியிருந்தது. கதவுக்கு இடதுபக்கத்தில், சுவரோடு சாய்ந்தபடி, வெளிறிய ஓர் உருவம். மேலே குறுகலாக, கீழே அகலமாக. முக்காலி உயரத்தில் இருந்தது. காலுக்கும் தரைக்கும் நடுவே எதுவும் தெளிவில்லை.

லைட்டைக் கிட்டக் கொண்டுவந்து பார்த்தேன். பிறகு, இடதுபக்கம்தானே என்று ஞாபகம் வந்தது. உரப் பையை வைத்த பக்கம். அப்பா உட்காருவது வலதுபக்கம். அது பை. எனக்கு அப்படியொரு ஆறுதல். கணவரிடம் சொன்னேன், "நம்ம துணி மூட்டைங்க. பயந்தே போனேன்." அவர் சிரித்தார். "டீச்சரம்மா பேய்க்கும் பயம், மூட்டைக்கும் பயம்." அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

அடுத்த வாரம் வேறொரு வகுப்பில் அதே பாடம். கரும்பலகையில் மரம் வரைந்து, நடுவில் துளை வரைந்து, கோடுகளை இழுத்தேன். உச்சியிலிருந்து வரும் கதிர் அடியில் விழுகிறது. இடமிருந்து வரும் கதிர் வலத்தில் விழுகிறது. சோக்கட்டியோடு அப்படியே நின்றுவிட்டேன். பிள்ளைகள் நான் பாடத்தை மறந்துவிட்டேன் என்று நினைத்திருப்பார்கள்.

டின்னுக்குள் படம் தலைகீழாக விழும் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் கடதாசியைத் திருப்பி நிமிர்த்திப் பார்த்தேன். ஆனால் நிமிர்த்திய பிறகும், முகம் பார்க்கும் கண்ணாடியில்போல், இடம் வலமாகத்தான் நிற்கும். வருடா வருடம் படிப்பிக்கும் பாடம். சிவப்பு வெளிச்சத்தில் கைபேசியால் எடுத்திருந்த மங்கலான படத்தைப் பள்ளிக்கூடத்துக் கக்கூஸ் பக்கத்தில் நின்று பார்த்தேன். லயத்தின் கடைசியில், வலதுபக்கத்தில் நிற்கும் கொய்யா மரம், படத்தில் இடதுபக்கத்தில் நின்றது. அப்படியென்றால் அந்த உருவமும் உண்மையில் வலதுபக்கம். ஜன்னலுக்குக் கீழே.

வீட்டுக்கு வந்து கணவரிடம் கேட்டேன். "அந்தப் பையை நீங்க எடம் மாத்தி வச்சீங்களா?"

"எந்தப் பை?"

"உரப் பை. வாசல்ல இருந்தது."

"சாரல் அடிக்குதுன்னு ஜன்னலுக்குக் கீழ தள்ளி வச்சேனோ என்னமோ."

"வச்சீங்களா, இல்லையா?"

"அன்னிக்கு நா புள்ளையத் தூக்கினேனா, கூடையத் தூக்கினேனான்னே ஞாபகம் இல்ல. பையக் கேக்குறே."

இன்னொன்றையும் நினைத்தேன். மழைக்கு முன் அந்த வெயில் நாட்களில் அப்பா அங்கே தலைவாரி உட்கார்ந்திருந்தாரே. பிறகு வந்த மாதங்களெல்லாம் மப்பும் மூட்டமும். இந்தக் கடதாசி நாட்களை எண்ணுவதில்லை, வெளிச்சத்தைத்தான் எண்ணும். வெயிலில் இருந்த கொஞ்ச நேரம், மூட்டத்தில் கிடந்த நெடு நேரத்தைவிட ஆழமாக விழலாம். அப்படியானால் அது உயிரோடு இருந்த அப்பா. அவர் சொன்னபடியே ஆடாமல் உட்கார்ந்து டின்னுக்குள் வந்துவிட்டார். இந்தப் பதில்தான் எனக்குப் பிடித்தது. பிடித்ததாலேயே அதை நம்பத் தயக்கமாக இருக்கிறது. காலை கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்து போகிறவர், நாள் முழுக்கக் கிடந்த சுவரை எப்படி மறைப்பார்?

நாங்கள் பேசுவதை மகள் கேட்டுக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் விளையாடுகிறார்கள் என்று நாம் நினைக்கும்போதுதான் கேட்கிறார்கள். அவளே போய்ச் சொல்லியிருக்கிறாள்: "அம்மாயி, தாத்தா பேப்பர்ல ஒக்காந்திருக்காரு."

அம்மா என்னிடம் அழவில்லை, கத்தவில்லை. "காட்டு," என்றார்.

இங்கேதான் சிக்கல். இந்தக் கடதாசி கழுவி நிறுத்திய படமில்லை. அதற்கு இன்னும் உயிர் இருக்கிறது. வெளிச்சத்தில் விரித்தால் மறுபடி கறுக்கத் தொடங்கிவிடும். பார்க்கப் பார்க்க அழியும். முதலில் அழிவது மங்கலானவைதான். அந்த உருவம் அவற்றிலும் மங்கல். சிவப்பு வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தேன். அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் வெண்படலம். வெட்டை வெளியில், நேர் வெயிலில் வைத்தால் மட்டுமே ஏதாவது தெரியும். சிவப்பில், "ரத்தம் மாதிரி இருக்கு. வேற ஒண்ணும் தெரியல்ல," என்றார்.

ஆகவே பதுளைக்குப் போய், அந்த ஸ்டூடியோவில் ஒரேயொரு தடவை ஸ்கேன் பண்ணினோம். கணினித் திரையில் நிறத்தை மாற்றி, இடத்தை வலமாக்கியதும் எங்கள் வாசல் வந்தது. ஜன்னலுக்குக் கீழே ஒரு கறை. திரையில் அது இன்னும் மங்கிப்போயிருந்தது.

"வாப்பாவா டீச்சர்?" என்று கடைக்காரர் கேட்டார்.

"தெரியல்ல நானா."

"அடையாள அட்டைப் படம் ஈந்தா தாங்க. மொகத்த வச்சுக் கிளியரா செஞ்சு தாறேன். கலியாணப் படத்துக்கெல்லாம் செய்றதுதானே."

வேண்டாம் என்றேன். அவர் கேலியாகச் சொல்லவில்லை. பதுளையிலும் பண்டாரவளையிலும் கல்யாண ஆல்பங்களில், இறந்துபோன தகப்பன்மார் பட்டு வேட்டியோடு மகள் பக்கத்தில் நிற்பார்கள். என் ஆல்பத்தில்கூடக் கணவரின் அப்பா அப்படி நிற்கிறார், ஒரு காலுக்கு நிழல் இல்லாமல். அதைப் பார்த்ததிலிருந்து அம்மாவுக்கு ஸ்டூடியோப் படங்களில் நம்பிக்கை இல்லை. பிரிண்ட் போட்டுக் கொண்டு வந்ததைத் தொட்டும் பார்க்கவில்லை.

"செத்தவங்களக் கலியாண வீட்டுல நிக்க வைக்கிறவங்க கடையில போட்டதுதானே இது? எனக்கு இது வேணாம். அந்தத் தாளக் காட்டு. வெயில்ல காட்டு."

"வெயில்ல வச்சா அழிஞ்சிரும்மா."

"அழியட்டும். நா ஒரு தரம் பாத்தாப் போதும்."

"பாத்து என்னா செய்யப் போறீங்க?"

அம்மா என்னை, எதுவும் விளங்காத பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "அவரு அங்க வந்து காத்துக்கிட்டு இருந்தாருன்னா, வெளக்கு வைக்க நா அங்கதானே இருக்கணும்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. படத்தைக் காட்டினால் அம்மா லயத்துக்குத் திரும்பிவிடுவார். லயத்துக்கு மேலே வெடிப்பு அப்படியே இருக்கிறது. எச்சரிக்கையை இன்னும் எடுக்கவில்லை. காட்டாவிட்டால் அப்பா எங்கேயோ வழி தெரியாமல் அலைகிறார் என்ற நினைப்பிலேயே பாதிச் சோற்றோடு உட்கார்ந்திருப்பார். நான் நாளைக்கு நாளைக்கு என்று தள்ளினேன்.

அம்மா தள்ளவில்லை. போன மாதம் ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது அறை பூட்டியிருந்தது. அம்மாவும் இல்லை, மகளும் இல்லை. இப்போது மகளைப் பண்டாரவளையிலேயே அம்மாவிடம் விட்டுப் போகிறேன். பக்கத்து வீட்டில், "ரெண்டு பேரும் கொஸ்லந்த பஸ்ஸுல ஏறினாங்களே. நீங்க சொல்லித்தான் போறாங்கன்னு நெனச்சேன்," என்றார்கள். நான் வந்த பஸ்ஸும் அவர்கள் போன பஸ்ஸும் பாதையில் எங்கேயோ ஒன்றையொன்று கடந்திருக்க வேண்டும். வானம் இருண்டு கிடந்தது. திரும்ப பஸ் ஏறி, மழைத்துளி ஜன்னலில் விழ விழ, நான் வேண்டாத சாமி இல்லை.

கயிறு கட்டிய இடத்தில் காவல்காரர் அவர்களைத் தன் குடிசைக்குள் உட்கார வைத்திருந்தார். அம்மாவின் மடியில் எண்ணெய்ப் போத்தல், திரி, தீப்பெட்டி. மகளுக்குச் சப்பாத்திலிருந்து முழங்கால்வரை சேறு.

"ஏம்மா புள்ளையையும் கூட்டிக்கிட்டு வந்தீங்க?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"எனக்குக் கண்ணு தெரியாதுல்ல. அவரு ஒக்காந்திருந்தா சொல்றதுக்கு ஒருத்தர் வேணுமே," என்றார் அம்மா.

காவல்காரர் மேலே விடவில்லை. வாசலை இருவருமே பார்க்கவில்லை. திரும்பி வரும் பஸ்ஸில் மகள் என் மடியில் தூங்கிக்கொண்டே வந்தாள். இடையில் விழித்து, "தாத்தாவ ஏன் இருட்டுல வச்சிருக்கீங்க?" என்று கேட்டுவிட்டு மறுபடி தூங்கினாள். முன்சீட்டில் அம்மாவின் தலை ஒவ்வொரு வளைவுக்கும் ஆடியது. அவரிடம் கோபப்படவும் முடியவில்லை, கோபப்படாமல் இருக்கவும் முடியவில்லை.

இந்த மாதிரி டின் படங்களோடு பழகியவர்கள் இதைப் படித்தால், முதலில் உங்களிடம் கேட்கிறேன். படத்தை நிலைநிறுத்தும் ஹைப்போ மருந்தில் போட்டால் படம் நிற்கும், வெயிலிலும் காட்டலாம் என்று சொல்கிறார்கள். பிள்ளைகள் செய்த கடதாசி ஒன்றை அப்படிப் போட்டுப் பார்த்தேன். கோடுகள் மஞ்சளாக நின்றன. மெல்லிய சாயல் எல்லாம் கரைந்து போனது. ஸ்டூடியோக்காரரும், "மொதல்ல போறது மெலிசானதுதான்," என்கிறார். ஹைப்போவைத் தண்ணீர் கலந்து நன்றாக ஐதாக்கி, கொஞ்ச நேரம் மட்டும் வைத்து எடுத்தால் அந்த வெளிறிய உருவம் தப்புமா? யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா? அம்மாவின் கண் ஒப்பரேஷனுக்குத் திகதி கிடைக்கும்வரை கடதாசியை இருட்டிலேயே வைத்திருந்தால் அது அப்படியே இருக்குமா? எங்கள் ஊர் ஈரத்தில் மருந்து தானாகவே கெட்டுப்போகுமா?

மற்றவர்களிடம் கேட்பது வேறு. அது மூட்டை என்று சொல்லிவிடலாமா? அப்படிச் சொன்னால் அம்மா இங்கேயே இருப்பார், ஆனால் அவருக்கு அப்பா வீடு வந்து சேராதவராகிவிடுவார். அது அப்பாதான் என்று சொன்னால் அம்மாவின் மனம் ஆறும். கால் அந்த மலைக்குப் போகும். எனக்குத் தெரியாது என்பதுதான் உண்மை. அதை வெயிலில் விரித்து வைத்து, "பாருங்கம்மா, உங்களுக்கு என்னா தெரியுதோ அதுதான்," என்று விட்டுவிட்டு, பிறகு அவரை எப்படிப் பிடித்து வைப்பது? உங்கள் வீட்டில் இப்படி நடந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று எழுதுங்கள். அப்பாவின் வருடத் திதி மழைக்காலத்தில்தான் வருகிறது. அம்மா இப்போதே புது எண்ணெய்ப் போத்தல் வாங்கி வைத்துவிட்டார்.